அம்மாள் தலையில் போட்ட பழி

எங்கள் வீட்டுக்கு அம்மாள் வந்திருக்கிறா என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பத்து நாளும், வந்தது அம்மாள் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திருகோணமலை நகரத்தில், உள்துறைமுகத்துப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றில் இருக்கிற இரண்டு அறை வீடு அது. என் அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடுதான் போகும். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். என் கணவரும் சல்லிக் கிராமத்திலிருந்து அப்படி வந்தவர். மாமி தன் வீட்டை மூத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அந்த மருமகனோடு ஒத்துப்போக ஏலாமல், மாமா இறந்த அடுத்த வருடமே எங்களிடம் வந்துவிட்டார். கலியாணமாகாத இளைய மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் எனக்கு மச்சாள். அவளுக்கு நானும் மச்சாள். முன்னறை யன்னலடியில் தையல் மெசினைப் போட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளைத் தைத்துக்கொண்டிருப்பாள். அதிகம் கதைக்க மாட்டாள். வீட்டில் கதைக்கிற வேலையை நான்தானே முழுநேரமாகச் செய்துகொண்டிருந்தேன்.

நான் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஒரு கந்தோரில் கிளாக்காக இருக்கிறேன். மருந்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் நான் பாதி டொக்டர். அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தேன். எங்களுக்கு எப்போதாவது டொக்டர்மார் எழுதித் தந்த மருந்துக் குளிசைகளில் மிச்சமானதெல்லாம் அதற்குள் கிடக்கும். கிளினிக்கில் தருகிற கடதாசி உறைகளின்மேல் 'இருமல்', 'வயிற்றுக்குத்து', 'பல்லு' என்று என் கையெழுத்திலேயே எழுதி வைத்திருப்பேன். அக்கம்பக்கத்தில் யாருக்கு என்ன என்றாலும் கேற்றடியில் வந்து நின்று கேட்பார்கள். நானும் டின்னைத் திறந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கோ, என்ன" என்பேன். அந்த "என்ன"வில் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

ஒரு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை மச்சாள் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து, மாமி முற்றத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னாள். "மச்சாள், ரெண்டு நாளாச் சலம் போகேக்க எரியுது."

வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் மெசினடியிலேயே இருந்தால் வேறென்ன வரும் என்று முதலில் ஒரு ஏச்சு ஏசினேன். பிறகு டின்னை இறக்கினேன். எனக்கு முந்தி சலக்கடுப்பு வந்தபோது பத்து நாளுக்குத் தந்த குளிசை. மூன்று நாளில் சுகமாகிவிட்டது என்று நிற்பாட்டி வைத்திருந்தேன். பெரிய வெள்ளைக் குளிசை, நடுவில் ஒரு கோடு.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நாளைக்கு ஆஸ்பத்திரியில காட்டிப்போட்டு எடுப்பமோ?"

"இதுக்கும் ஆஸ்பத்திரியோ? விடியவே போய் நம்பர் எடுத்து, மத்தியானம் வரைக்கும் காவல் நிண்டு, கடைசியில இதே குளிசையைத்தான் தருவினம். நான் சொன்னா நம்பேலாதோ உங்களுக்கு?"

அவளுக்கு என்னோடு வாதாடிப் பழக்கமில்லை. தண்ணீரை வார்த்து விழுங்கினாள். காலையிலும் பின்னேரமும் நானே எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாளே எரிவு குறைந்துவிட்டது என்றாள். "பாத்தீங்களோ!" என்றேன்.

ஆறாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் காய்ந்தது. மறுநாள் காலை கழுத்திலும் நெஞ்சிலும் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள். மத்தியானத்துக்குள் கை, வயிறு, முதுகு எல்லாம் பரவிவிட்டது. உதடு வெடித்து, கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க ஏலாமல் கிடந்தாள். மாமி வந்து சட்டையை விலக்கிப் பார்த்தார். பார்த்தவர் உடனே இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

"அம்மாள் வந்திட்டா. ஒருதரும் ஒண்டும் கதையாதேங்கோ."

அம்மை நோயைத்தான் அம்மாள் வந்திருக்கிறா என்போம்; அம்மாள் வந்த வீட்டுக்கு ஒரு முறை இருக்கிறது. கேற்றில் வேப்பிலை கட்ட வேண்டும். தாளிக்கக் கூடாது, மச்சம் மாமிசம் கூடாது. வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது. படுத்திருக்கிறவரை வேப்பிலையால் தடவலாம், இளநீர் கொடுக்கலாம். மருந்து மட்டும் வாயில் வைக்கக் கூடாது. அது அம்மாளோடு மல்லுக்கு நிற்பது மாதிரி. நோயைச் சொல்கிற 'வருத்தம்' என்ற சொல்லைக்கூடச் சொல்லக் கூடாது. அம்மாள் விளையாடுகிறா, விளையாடிவிட்டுப் போவா.

அன்று பின்னேரம் நான் டின்னிலிருந்து குளிசையை எடுக்கப் போகவில்லை. மாமி மறித்ததால் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அம்மாள் வருத்தத்தில் கொப்புளத்துக்குள் தண்ணீர் கட்டும் என்று எனக்குத் தெரியும். இவளுடைய புள்ளிகளில் தண்ணீர் இல்லை. திங்கட்கிழமை கந்தோரில் கதவடிப் பக்கம் போய் நின்று, போனில் அந்தக் குளிசையின் பெயரைத் தட்டிப் பார்த்தேன். தோலில் சிவப்பு, காய்ச்சல், உதட்டுப் புண், கண் எரிவு. உடனே மருந்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டவும் என்று போட்டிருந்தது. படங்களும் இருந்தன. போனைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, கதிரையில் வந்திருந்து, பின்னேரம் வரை ஒரு கடிதத்தைத்தான் திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்கலாம். கணவர் கேட்டும் விட்டார். முன்னறையில் நின்று, மச்சாள் படுத்திருந்த அறையின் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் வைத்துக் கேட்டார். "நீர் இவளுக்கு ஏதும் குளிசை கிளிசை குடுத்தனீரோ?"

"காய்ச்சலுக்கு ஒண்டு குடுத்தனான். அதுவும் அம்மாள் எண்டு தெரிய முதல்" என்றேன். அச்சொட்டாக, தடக்காமல், பொய். "ஏன், என்னைச் சந்தேகப்படுறியளோ?" என்று மேலே ஒரு போடும் போட்டேன். அவர் முற்றத்துக்குப் போய்விட்டார். என் வாய்க்கு முன்னால் அந்த மனிசன் எப்போதும் அப்படித்தான். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மச்சாள் நித்திரை என்று நினைத்தேன்.

குளிசை நின்றதால் புள்ளிகள் மெல்ல மங்கின. தோல் உரிந்தது. பத்தாம் நாள் வேப்பிலைத் தண்ணீர் வார்த்தோம். அந்த வெள்ளிக்கிழமை மாமி அம்மன் கோவிலில் பொங்கினார். நேர்த்திக்கடன். எனக்கு அங்கே காலடி வைக்கவே விருப்பமில்லை. ஆனால் போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். போய், அர்ச்சனைத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு மச்சாளுக்குப் பக்கத்தில் நின்றேன். மாமி வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னார். "என்ர மருமகள்தான் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தவள். பெத்த பிள்ளையும் அப்பிடிப் பாராது." சனம் என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஐயர் தீபத்தைக் காட்டியபோது அம்மனின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அவ செய்யாததை அவ தலையில் போட்டுவிட்டு, அவவுக்கே பொங்கலும் வைத்தால் எப்படிப் பார்ப்பது? மூக்குத்திக்குக் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று வீட்டுக்கு வந்து டின்னைக் காலி செய்தேன். எல்லாவற்றையும் குப்பைப் பையில் கொட்டி, முடிச்சுப் போட்டு, லொறிக்குக் கொடுத்தேன். அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று எண்ணினேன்.

ஒன்றரை வருடம் போயிற்று. மச்சாளின் கால் பெருவிரலில் மெசின் பலகை விழுந்து, நகத்தடி சீழ் கட்டிவிட்டது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நான்தான் ஓட்டோவில் தனியார் வைத்தியர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் நல்ல மனிசர். காலைப் பார்த்தார், சீழை எடுத்தார், எழுதத் தொடங்க முன்பு பேனையைப் பிடித்தபடி கேட்டார். "முந்தி ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் விட்டதோ? உடம்பில புள்ளி கிள்ளி போட்டதோ?"

மச்சாள் அவருக்குப் பதில் சொல்ல முன்பு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

"இல்லை, டொக்டர்" என்றாள்.

மூன்று உறை தந்தார்கள். கிருமிக்கு ஒன்று, நோவுக்கு ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று. வீட்டில் வந்து சாப்பாட்டுக்குப் பிறகு அவள் முதல் உறையைத் திறந்து குளிசையை உள்ளங்கையில் போட்டாள். பெரிசு, வெள்ளை, நடுவில் கோடு.

"மச்சாள், இது அண்டைக்கு நீங்க தந்த குளிசை மாதிரிக் கிடக்கு."

எனக்கு விசர்க் கோபம் வந்தது. அந்த 'அண்டைக்கு' என்ற சொல் சுட்டது. ஒன்றரை வருடம் யாரும் வாயால் சொல்லாத சொல். உறையை வாங்கிப் பெயரைப் பார்க்க எவ்வளவு நேரம் செல்லும்? மூக்குக் கண்ணாடி மேசையில்தான் கிடந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் அதே பெயர் இருந்துவிடுமோ என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை.

"எல்லாக் குளிசையும் வெள்ளைதான். டொக்டர் தந்ததைப் போடுங்கோ" என்றேன்.

போட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் உதடு எரிகிறது என்றாள். சனிக்கிழமை காலை அவள் எழும்பி வந்தாள். உதடு கறுத்து வீங்கிக் கொப்புளமாகி, வாய்க்குள் வெந்து, எச்சில் விழுங்க ஏலாமல் வழிந்துகொண்டிருந்தது. கண் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. நெஞ்சில் போனமுறை வந்த அதே இடங்களில் கருஞ்சிவப்பாகப் பட்டை பட்டையாக இருந்தது. மாமி தோளைப் பிடித்து இருத்தினார். பிடித்த இடத்தில் தோல் வழுகிக் கையோடு வந்தது.

மாமி அலறினார். அலறிவிட்டுச் சொன்னதுதான் என்னைக் கொன்றது. "நேர்த்தியில ஏதோ குறை விட்டிட்டம். அம்மாள் கோவிச்சுக்கொண்டு திரும்ப வந்திருக்கிறா. தம்பி, வேப்பிலை முறி. ஒரு மருந்தும் குடுக்கப்படாது, ஆஸ்பத்திரியும் வேண்டாம். போனமுறையும் அவதானே சுகப்படுத்தினவ."

கணவர் கத்தியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார். தாய் சொல் அவருக்கு அப்படி. மச்சாள் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. என் பொய்யை நம்பித்தான் பெற்ற தாயே அவளைச் சாக விடப் போகிறார் என்பதும் விளங்கியது. ஒரு வசனம் போதும்: மாமி, அண்டைக்கு வந்தது அம்மாள் இல்லை, நான் குடுத்த குளிசை. காலை ஏழு மணிக்குச் சொல்லியிருக்க வேண்டியது. நான் இளநீர் சீவினேன். துணி நனைத்து நெற்றியில் போட்டேன். குசினிக்கும் அறைக்கும் நடந்தேன். பதினொரு மணியாகிவிட்டது. மச்சாள் முனகுவதையும் நிறுத்திவிட்டாள்.

அப்போது வாயைத் திறந்தேன். அதிலும் உண்மை வரவில்லை. வாய்க்குப் பழகியதுதான் வந்தது.

"இது என்ர வீடு. என்ர வீட்டில வச்சு இப்பிடி ஒரு உயிரைச் சாக விட ஏலாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதெண்டா இருங்கோ, இல்லாட்டி ரெண்டு பேரும் வீட்டை விட்டு வெளிக்கிடுங்கோ!"

மாமியின் முகம் செத்துப் போயிற்று. மகளின் சட்டையைச் சரிசெய்தார். ஓட்டோவில் மச்சாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர், வழி முழுக்க என் பக்கம் திரும்பவேயில்லை.

வார்ட்டில் தடுப்புப் போட்டு, உடம்பெல்லாம் மருந்துத் துணி சுற்றி, சேலைன் ஏற்றினார்கள். பொறுப்பாக நின்ற நேர்ஸ் கிண்ணியாப் பக்கத்துப் பிள்ளை. கண்ணுக்கு மட்டும் மணிக்கொரு தரம் துளி விட்டுக்கொண்டு நின்றாள். மூன்று உறையையும் வாங்கிப் பார்த்தவள் என்னைக் கேட்டாள். "மூண்டுல எது எண்டு தெரியணும் அன்ரி. முந்தி இதுல ஏதாவது எடுத்து இப்பிடி வந்திருக்கா?"

மாமி தூரத்தில், கதவடியில் கிடந்த நீள வாங்கில் இருந்தார். நான் நேர்ஸைக் கையில் பிடித்து ஒதுக்கமாகக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய குளிசை, போன வருடம் பங்குனி, ஆறு நாள், நான்தான் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். களவாகச் சொன்னேன்.

அவள் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "இத அந்த டொக்டர்ட்டச் சொல்லியிருந்தா இவ்வளவும் வந்திராதே, அன்ரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மருந்தின் பெயரைச் சிவப்புப் பேனையால் கட்டில் தாளில் பெரிதாக எழுதிக் கோடு போட்டாள்.

"மாமிக்குத் தெரிய வேண்டாம், பிள்ளை" என்றேன். அவள் தாளைத் திரும்பக் கட்டில் காலில் மாட்டினாள்.

ஐந்தாம் நாள் மச்சாள் ஒரு கண்ணைத் திறந்தாள். ஏழாம் நாள் ஒரு கரண்டி கஞ்சி இறங்கியது. பிழைப்பாள் என்று சொன்ன அன்றைக்குக் காலைச் சுற்றில் பெரிய டொக்டர் வந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் தடக்கித் தடக்கிக் கதைப்பார். தாளிலிருந்த சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டு, எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "இந்த மருந்து, முதல் தரம், யார் குடுத்தது?"

மாமிக்கு விளங்கவில்லை. "முதல் தரமோ? அது அம்மாள் எல்லோ?" என்றார். கணவர் என்னைப் பார்த்தார். நேர்ஸும் என்னைப் பார்த்தாள். சொல்லத்தான் போனேன் என்று எத்தனையோ தரம் எனக்குள் சத்தியம் பண்ணியிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் என் வாயிலிருந்து காற்றுக்கூட வரவில்லை.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. உதட்டில் பொருக்கு வெடித்து இரத்தம் கசிய மச்சாள் சொன்னாள்.

"நானாத்தான் எடுத்தனான். டின்னுக்குள்ள கிடந்தது. ஒருதருக்கும் சொல்லேல்ல."

"அறிவு கெட்டதே!" என்று மாமி தலையில் அடித்துக்கொண்டார். "அம்மாளுக்கு வீண் பழி போட்டிட்டம், கடவுளே! எல்லாம் உன்னாலதானடி!" டொக்டர் இனிமேல் அப்படிச் செய்யக் கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னார். மச்சாள் தலையை ஆட்டினாள். நேர்ஸ் ஒரு அட்டையில் மருந்தின் பெயரை எழுதி, எங்கே மருந்து எடுக்கப் போனாலும் காட்ட வேண்டும் என்று அவள் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பாராமல் அடுத்த கட்டிலுக்குப் போனாள். நான் அங்கேயே நின்றேன்.

அவள் வீட்டுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. உடம்பில் கருந்தழும்புகள் மங்கிவிட்டன. கண்ணீர் மட்டும் ஊறாது. துளி விட்டு விட்டுத்தான் தைக்கிறாள். அதுவும் நெடுநேரம் ஏலாது. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் மாமி கதையைச் சொல்கிறார். எப்படித் தன் பிள்ளை களவாகக் குளிசை போட்டது, எப்படி மருமகள் சத்தம் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி உயிரைக் காப்பாற்றியது என்று. என்னோடு அன்று வந்த மனத்தாங்கலையும் மறந்துவிட்டார். நான் தேத்தண்ணி கொண்டு வந்து வைக்கிறேன். சிலர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் மச்சாளின் பெருந்தன்மை என்றுதான் நினைத்திருந்தேன். அவளுடைய மனசு எங்கே, என்னுடைய மனசு எங்கே என்று தனியே இருந்து அழுதும் இருக்கிறேன். அழுதால் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. போன மாதம் ஒரு நாள் மாமி கோவிலுக்குப் போயிருந்தார். அவளுக்குக் கண்ணில் துளி விட்டுக்கொண்டிருந்தபோது என்னால் அடக்க ஏலவில்லை. "ஏன் மச்சாள் அண்டைக்கு அப்பிடிச் சொன்னீங்கள்? நான் குடுத்ததெண்டு உங்களுக்குத் தெரியும்தானே? நான் அவரிட்டப் பொய் சொன்னதும் கேட்டதுதானே?"

"ஓம், கேட்டது" என்றாள். துளி விட்ட கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்க குடுத்ததெண்டு சொல்லியிருந்தா வீட்டில பெரிய பிரச்சினையாகும். பிறகு நானும் அம்மாவும் எங்க போறது, மச்சாள்?"

சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து, நான் கோபித்துக்கொண்டேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.